லோடர் தூக்கவில்லையா? பம்பில் கை வைப்பதற்கு முன்

சிறிய டிராக்டரின் முன்னால் மாட்டியிருக்கும் லோடர், அதாவது பக்கெட்டால் மண்ணையும் எருவையும் அள்ளித் தூக்கும் இரட்டைக் கை, ஒரு நாள் சரியாகத் தூக்கவில்லை என்றால், பக்கத்தில் நிற்பவர்களில் முதல் ஆள் "பம்ப் போயிருச்சு" என்பார். இரண்டாவது ஆள் "சிலிண்டர் சீல் போயிருச்சு" என்பார். மூன்றாவது ஆள் "பிரஷரைக் கொஞ்சம் ஏத்தி வச்சா சரியாயிரும்" என்று ஸ்பேனரைத் தேடுவார். லோடர் சரியாக என்னதான் செய்கிறது, எப்போது செய்கிறது என்று மூவரில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நல்ல பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டிய பிறகும் அதே கோளாறு அப்படியே நின்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவும் அலைச்சலும் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஹைட்ராலிக், அதாவது எண்ணெயைத் தள்ளி வேலை வாங்கும் முறை, மெக்கானிக்குக்கு மட்டுமே புரியும் மந்திரம் இல்லை. இரண்டே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பாதிக் கோளாறை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

"உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் வைத்தியர் மருந்து எழுத மாட்டார். "தூக்கவில்லை" என்பதும் அதே மாதிரிதான். மெதுவாகத் தூக்குகிறதா? வேகம் சரியாக இருந்தும் பாரம் வைத்தால் திணறுகிறதா? தூக்கிவிட்டுப் பிறகு தானாக இறங்குகிறதா? உதறி உதறித் தூக்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பார்க்க வேண்டிய இடமும் வேறு.

பம்ப் கொடுப்பது அழுத்தம் அல்ல

குழப்பமெல்லாம் தொடங்கும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

குழாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டித் தண்ணீரைத் திறந்து விடுங்கள். முனை திறந்திருக்கும் வரை தண்ணீர் சும்மா வழிந்து கொட்டும். முனையைக் கட்டைவிரலால் பாதி மூடிப் பாருங்கள். விரலை உள்ளிருந்து தள்ளும் ஒரு விசை தெரியும், தண்ணீரும் தூரமாகப் பீய்ச்சும். குழாயை நீங்கள் கூடுதலாகத் திறக்கவே இல்லை. விரல் தடுத்தது, அதனால் டியூபுக்குள் அழுத்தம் ஏறியது.

லோடரின் பம்பும் இப்படித்தான். அது செய்வதெல்லாம் ஒரு சுற்றுக்கு இத்தனை அளவு என்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருப்பது. இப்படி நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் நகர்கிறது என்பதுதான் ஃப்ளோ, அதாவது ஓட்டம். அந்த எண்ணெய் போகும் வழியில் பாரம் குறுக்கே நின்றால்தான் அழுத்தம் பிறக்கும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் எவ்வளவு விசை என்பது அழுத்தம். அதை 'பார்' என்ற அலகில் அளப்பார்கள். ஒரு பார் என்றால் ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் ஒரு கிலோ எடை. சிறிய டிராக்டர்களின் லோடர்கள் பெரும்பாலும் 140 முதல் 175 பார் வரையான உச்ச வரம்புக்குள் வேலை செய்கின்றன. பக்கெட் காலியாக இருக்கும்போது அந்த அழுத்தம் எட்டவே எட்டாது, அதற்குத் தேவையும் இல்லை.

ஓட்டம் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அழுத்தம் பலத்தைத் தீர்மானிக்கிறது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் இதன் பின்னாலேயே வரும்.

ஒரு சிலிண்டரைக் கையில் எடுத்துக் கணக்குப் போட்டால்

ஊசி போடும் சிரிஞ்சு இரண்டு, ஒன்று சிறியது, ஒன்று பெரியது. இரண்டின் மூக்கையும் ஒரு மெல்லிய டியூபால் இணைத்து உள்ளே தண்ணீர் நிரப்புங்கள். சிறியதை அழுத்தினால் பெரியது எழும். பெரியதன் விட்டம் சிறியதைப் போல இரண்டு மடங்கு என்றால் பரப்பு நான்கு மடங்கு. அதனால் நான்கு மடங்கு பலத்தோடு எழும், ஆனால் நான்கில் ஒரு பங்கு தூரம்தான் எழும். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் சொன்னது இதைத்தான்.

இப்போது லோடர் கைகளைத் தூக்கும் சிலிண்டருக்கு வருவோம். குழாய்க்குள் எண்ணெய் தள்ளத் தள்ள நகரும் அடைப்பு பிஸ்டன், அதோடு சேர்ந்து வெளியே நீளும் கம்பி ராடு. உள்விட்டம் 50 மில்லிமீட்டர், உள்ளே போய்வரும் ராடின் தடிமன் 30 மில்லிமீட்டர், ஓடும் தூரம் 40 சென்டிமீட்டர் என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பிஸ்டனின் அடிப்பக்கப் பரப்பு சுமார் 19.6 சதுர சென்டிமீட்டர். 150 பார் அழுத்தத்தில் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 3 டன் விசையோடு தள்ளும். இரண்டு சிலிண்டர் என்றால் 6 டன். அப்படியானால் பக்கெட் ஏன் சில நூறு கிலோவோடு நின்றுவிடுகிறது? சிலிண்டர் லோடர் கையின் மூட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது, பாரமோ கையின் கடைசி முனையில் இருக்கிறது. நெம்புகோலைக் குட்டையான பக்கத்தில் பிடித்துத் தூக்குவது போல. அதனால் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் பக்கெட்டில் அது நன்றாகவே தெரியும்.

அடுத்தது வேகம். இந்த இரண்டு சிலிண்டரையும் முழுதாக நிரப்பச் சுமார் 1.57 லிட்டர் எண்ணெய் வேண்டும். எஞ்சின் 2500 சுற்றில் ஓடும்போது பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளுகிறது என்றால் லோடர் மேலே போக 5 விநாடிகூட ஆகாது. அதே எஞ்சினை 1000 சுற்றுக்கு இறக்கினால் ஓட்டம் 8 லிட்டர்தான், ஏறக்குறைய 12 விநாடி ஆகும். "காலையிலிருந்து ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்று புலம்புகிறவர் ஆக்சிலேட்டரை ஐட்லிங்கில் விட்டிருந்தார் என்பது அடிக்கடி நடக்கிற கதை.

எண்ணெய் போகும் பாதை

பாதையை ஒருமுறை மனதுக்குள் நடந்து பார்த்துவிடுங்கள். தொட்டியிலிருந்து ஃபில்டர் வழியாக உறிஞ்சப்பட்டு பம்புக்கு வருகிறது. பல சிறிய டிராக்டர்களில் தனித் தொட்டி கிடையாது, கியர்பெட்டியில் இருக்கும் எண்ணெய்தான் ஹைட்ராலிக் எண்ணெயும். பம்பிலிருந்து கன்ட்ரோல் வால்வுக்குப் போகிறது. நீங்கள் பிடித்து ஆட்டும் ஜாய்ஸ்டிக் நகர்த்துவது அந்த வால்வுக்குள் இருக்கும் ஒரு தண்டை. அதன் பெயர் ஸ்பூல். ஸ்பூல் நடுவில் இருக்கும்போது எண்ணெய் எந்த வேலையும் செய்யாமல் வால்வுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறி, பின்னால் கலப்பை தூக்கும் லிஃப்டுக்கோ தொட்டிக்கோ போய்விடும். லிவரைத் தள்ளினால் அந்த வழி அடைபட்டு எண்ணெய் சிலிண்டரின் ஒரு பக்கம் போகும். மறுபக்கத்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும்.

வழியில் ஒரு காவலாளி உண்டு, ரிலீஃப் வால்வு. குக்கரின் வெயிட் போலத்தான். அழுத்தம் குறிப்பிட்ட அளவை எட்டியதும் தூக்கிக்கொண்டு எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி விடும். லிவரைக் கடைசிவரை பிடித்துக்கொண்டே இருந்தால் கேட்கும் அந்தக் கீச்சென்ற இரைச்சல் இதனுடையதுதான். அது சத்தம் போடுவது கோளாறு இல்லை. ஆனால் அப்படியே பிடித்திருக்கக் கூடாது. 150 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் அதன் வழியாகப் போனால் 5 கிலோவாட் சக்தி முழுதும் சூடாக மாறுகிறது. ஆயிரம் வாட் வாட்டர் ஹீட்டர் ஐந்தை எண்ணெய்க்குள் போட்டது போல.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். பம்ப் எண்ணெயை நகர்த்துகிறது, பாரம் அழுத்தத்தை உண்டாக்குகிறது, ஸ்பூல் வழியைத் திருப்புகிறது, ரிலீஃப் வால்வு உச்சவரம்பைக் காக்கிறது. மெதுவாக இருந்தால் ஓட்டத்தில் குறை. பலம் இல்லையென்றால் அழுத்தம் எங்கோ கசிகிறது, அல்லது உச்சவரம்பு இறங்கியிருக்கிறது.

கை வைப்பதற்கு முன் கட்டாயம் படிக்க வேண்டியது

எண்ணெய் போகும் ரப்பர் குழாயான ஹோஸில் குண்டூசி நுழையும் அளவு துளை இருந்தால்கூட, அதிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தின மாதிரிதான் தெரியும். பெரிதாக வலிக்கவும் செய்யாது. உள்ளே போன எண்ணெய் சதையை அழுக வைக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை, சில சமயம் கையையே எடுக்க வேண்டி வரும். அதனால் கசிவைத் தேட ஒருபோதும் கையால் தடவாதீர்கள். ஒரு அட்டைத் துண்டை ஹோஸுக்குப் பக்கத்தில் நீட்டிப் பாருங்கள், ஈரம் பட்ட இடம் சொல்லிவிடும். தோலில் பட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால்கூட "பார்த்துக்கலாம்" என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய், அழுத்த எண்ணெய் ஊசிபோல ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

தூக்கிய லோடருக்கு அடியில் தலையை நீட்ட வேண்டாம். எந்த ஹோஸைக் கழற்றினாலும் முதலில் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, ஜாய்ஸ்டிக்கை நாலா பக்கமும் சில தடவை ஆட்டி உள்ளே தங்கிய அழுத்தத்தை விட்டுவிட வேண்டும்.

முதலில் எண்ணெய், அடுத்து கப்ளர்

எண்ணெய் அளவைச் சமதரையில் பாருங்கள், லோடரையும் பின்பக்க லிஃப்டையும் முழுதாக இறக்கிவிட்டுப் பாருங்கள். லோடரைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தால் எண்ணெயில் ஒரு பங்கு சிலிண்டருக்குள் இருக்கும், குச்சியில் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அளவு மீறிவிடும். சரிவில் நிற்கும்போது மட்டும் லோடர் திணறுகிறது என்றால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி உறிஞ்சும் வாய் வெளியே தெரிகிறது என்று அர்த்தம்.

எண்ணெய் சரியாக இருந்தால் நான் நேராகப் போவது க்விக் கப்ளரிடம். லோடரை எளிதாகக் கழற்றி மாட்ட ஹோஸ்களின் நடுவில் இருக்கும் இணைப்பு அது. ஆண், பெண் என்று இரண்டு பாதி. ஒவ்வொரு பாதிக்குள்ளும் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன அடைப்பான் உண்டு. இரண்டு பாதியும் முழுதாகச் சேர்ந்தால்தான் ஒன்றையொன்று தள்ளித் திறக்கும். பாதி சேர்ந்தால் வெளியே மாட்டின மாதிரிதான் இருக்கும், உள்ளே வழி அடைத்திருக்கும்.

தெரிந்தவர் ஒருவருடைய டிராக்டரில் பக்கெட் உள்ளே மடங்கியது, வெளியே கவிழவே இல்லை. அவர் அதற்குள் புதுப் பம்புக்கு விலை விசாரித்து வைத்திருந்தார். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "மடக்கும்போது பலம் இருக்கா?" "அதெல்லாம் நல்லா இருக்கு." மடக்கப் பலம் இருந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, ரிலீஃப் வால்வும் நன்றாக இருக்கிறது. ஒரே பம்ப்தான் இரண்டு பக்கமும் தள்ளுகிறது, ஒரு பக்கத்துக்கு மட்டும் அதற்குக் கெடத் தெரியாது. முட்டி போட்டு நான்கு கப்ளரையும் பார்த்தேன். மூன்றில் வெளிவளையம் முன்னால் வந்து படிந்திருந்தது. நான்காவதில் நகம் நுழையும் அளவு இடைவெளி. வளையத்துக்குள் காய்ந்த சேறு இறுகிப் போயிருந்தது. எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை விட்டு, கழற்றித் துடைத்து மறுபடி தள்ளினோம். "டக்" என்று வளையம் முன்னால் வந்து விழுந்த சத்தத்திலேயே வேலை முடிந்துவிட்டது. பக்கெட் கவிழ்ந்தது.

லோடரைக் கழற்றி மாட்டிய உடனே தொடங்கிய எந்தக் கோளாறுக்கும் முதல் சந்தேகம் கப்ளர் மேல்தான் இருக்க வேண்டும். கப்ளர் சேரவே மறுத்தால், கழற்றி வைத்த லோடர் வெயிலில் கிடந்து உள்ளிருக்கும் எண்ணெய் விரிந்து அழுத்தம் ஏறியிருக்கும். சுத்தியலால் தட்டாமல், நிழலில் ஆறவிட்டோ முறையாக அழுத்தத்தை விட்டோ மாட்டுங்கள்.

அதே மாதிரி சத்தமில்லாமல் ஏமாற்றும் இன்னொன்று ஜாய்ஸ்டிக்குக்கும் ஸ்பூலுக்கும் நடுவில் இருக்கும் கேபிளும் பின்னும். அவை தேய்ந்துவிட்டால் நீங்கள் லிவரை முழுதாகத் தள்ளியும் ஸ்பூல் பாதிதான் நகரும். ஒரு பக்கம் மட்டும் மெதுவாக வேலை செய்யும். வேறொருவரை லிவரை ஆட்டச் சொல்லி, வால்வின் அருகில் ஸ்பூல் இரண்டு பக்கமும் ஒரே அளவு நகர்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எஞ்சினை ஓட்ட வேண்டியதுகூட இல்லை, பக்கெட் தரையில் இருந்தால் போதும்.

பின்பக்க லிஃப்ட் ஒரு நல்ல சாட்சி

பல சிறிய டிராக்டர்களில் ஒரே பம்ப்தான் லோடருக்கும், பின்னால் கலப்பை தூக்கும் மூன்று புள்ளி லிஃப்டுக்கும் எண்ணெய் தருகிறது. லோடர் திணறும்போது பின்பக்கம் பாரம் தூக்கிப் பாருங்கள். அது வழக்கம்போலத் தூக்கினால் பம்புக்கு நற்சான்று கிடைத்துவிட்டது. லோடர் வால்வு, கப்ளர், சிலிண்டர் பக்கம் தேடலாம். இரண்டுமே திணறினால் எண்ணெய், ஃபில்டர், பம்ப் என்று தொடக்கப் பக்கம் போக வேண்டும். ஸ்டீயரிங் லேசாக இருக்கிறது என்பதை மட்டும் சாட்சியாக எடுக்காதீர்கள். பல மாடல்களில் அதற்குத் தனிப் பம்ப்.

உறிஞ்சும் பக்கத்துக் கோளாறுகள்

ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் குடிக்கும்போது ஸ்ட்ராவில் மேலே ஒரு கீறல் இருந்தால் என்ன ஆகும்? தண்ணீரோடு காற்றும் வரும். தண்ணீர் வெளியே சொட்டாது என்பதைக் கவனியுங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கத்திலும் இப்படித்தான். எண்ணெய் வெளியே ஒழுகாமலே காற்று உள்ளே வரும். லோடர் உதறி உதறி நகரும், எண்ணெய் நுரைக்கும், பம்ப் இரையும். ஃபில்டர் மாற்றிய மறுநாள் இது தொடங்கினால் ஒன்றைச் சோதியுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் கழலாமல் டிராக்டரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், புது ஃபில்டரை அதன் மேலேயே முறுக்கியிருப்பார்கள். இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் அது மூடாது.

ஃபில்டர் அடைத்திருந்தால் கதை வேறு. ஸ்ட்ராவின் அடியை விரலால் மூடிக்கொண்டு உறிஞ்சுவது போல் பம்ப் திணறும். எண்ணெய் போதாத இடத்தில் வெற்றிடக் குமிழிகள் தோன்றி, அழுத்தப் பக்கம் போனதும் படாரென உடையும். இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயர். கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவது போன்ற சத்தம் வரும். அந்தக் குமிழிகள் உடையும் வேகம் பம்பின் உலோகத்தையே பொத்துப் பொத்தாக அரித்துவிடும். சில நாள் அப்படியே ஓட்டினால் ஃபில்டரோடு முடிய வேண்டியது உண்மையாகவே பம்பு மாற்றும் வேலையாகிவிடும். பல டிராக்டர்களின் கையேடுகள் முதல் ஃபில்டரை 50 மணி நேரத்திலேயே மாற்றச் சொல்வது புது எந்திரத்தின் உலோகத் துகள் அதில்தான் சேரும் என்பதால்.

எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் காற்றா தண்ணீரா என்று தெரிய வேண்டும். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கொஞ்சம் எடுத்து அசைக்காமல் வையுங்கள். காற்று என்றால் குமிழி மேலேறித் தெளிந்துவிடும். தண்ணீர் என்றால் கலங்கலாகவே நிற்கும், அப்போது எண்ணெயை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

நேரத்தையும் கவனியுங்கள். காலையில் மந்தமாக இருந்து சூடானதும் சரியாகிறது என்றால் எண்ணெய் கெட்டியாக இருக்கிறது, அல்லது உறிஞ்சும் வழி குறுகியிருக்கிறது. காலையில் நன்றாக இருந்து சூடேற ஏறப் பலம் குறைகிறது என்றால் பம்பிலோ வால்விலோ சிலிண்டரிலோ உள்தேய்மானம். சூடான எண்ணெய் நீர்த்துப்போய் இடுக்கு வழியாக எளிதாக நழுவும்.

தானாக இறங்கும் லோடரும் சீல் பற்றிய நம்பிக்கையும்

தூக்கி நிறுத்திய லோடர் மெல்ல மெல்ல இறங்கினால் எல்லோரும் சிலிண்டரின் பிஸ்டன் சீலைத்தான், அதாவது பிஸ்டனைத் தாண்டி எண்ணெய் நழுவாமல் தடுக்கும் வளையத்தைத்தான், குற்றம் சொல்வார்கள். முதலில் ஒன்று. ஸ்பூலுக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவில் மயிரிழையைவிடச் சிறிய இடைவெளி இருந்தே தீரும், இல்லாவிட்டால் ஸ்பூல் நகராது. அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் நழுவும். அதனால் கொஞ்சம் இறங்குவது இயல்பு. எவ்வளவு வரை பரவாயில்லை என்பது கையேட்டில் இருக்கும்.

அடுத்து சீல். நம் உதாரணச் சிலிண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாயையும் எண்ணெய் ஒரு சொட்டுக்கூடப் போகாதபடி அடைத்துவிட்டோம். பிஸ்டன் சீலை முழுவதும் கழற்றி எறிந்துவிட்டோம். பாரம் மேலிருந்து அழுத்துகிறது. பிஸ்டன் 1 சென்டிமீட்டர் இறங்க வேண்டுமானால் அடியிலிருந்து 19.6 மில்லிலிட்டர் எண்ணெய் மேலே போக வேண்டும். மேலே எவ்வளவு இடம் உண்டாகும்? அங்கே 30 மில்லிமீட்டர் ராடு நின்றுகொண்டிருக்கிறது. அதனால் 12.6 மில்லிலிட்டருக்குத்தான் இடம். மீதி 7 மில்லிலிட்டர் எங்கே போகும்? போக இடமில்லை. எண்ணெய் சுருங்கியும் கொடுக்காது. ஆகவே சீலே இல்லாவிட்டாலும் பிஸ்டன் கொஞ்சம் அமுங்கி அங்கேயே நின்றுவிடும்!

அப்படியானால் தூக்கும் சிலிண்டர் தொடர்ந்து இறங்க வேண்டுமென்றால் எண்ணெய் சிலிண்டரை விட்டு வெளியேறியாக வேண்டும். வெளியே ஒழுக்கு தெரியவில்லை என்றால் மிச்சமிருக்கும் வழி கன்ட்ரோல் வால்வு. கெட்டுப்போன சீலுக்கும் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. சீல் போய்விட்டால் பாரத்தை ராடின் பரப்பு மட்டுமே தாங்க வேண்டி வந்து, உள்ளழுத்தம் இரண்டே முக்கால் மடங்குக்கு மேல் ஏறும். அந்த அழுத்தத்தில் வால்வின் கசிவு இன்னும் வேகமாகும். ஆனால் சீல் கிட் மட்டும் மாற்றிவிட்டு "இன்னும் இறங்குதே" என்று நிற்பவர்கள் கண்ணில் படாமல் விட்டது அந்த வால்வைத்தான்.

பக்கெட் சிலிண்டர் இதற்கு நேர் எதிர். பெரும்பாலான லோடர்களில் பக்கெட்டில் இருக்கும் பாரம் அதன் ராடை வெளியே இழுக்கிறது. ராடு வெளியே வரும்போது உள்ளே இடம் கூடுகிறது, எண்ணெய்க்கு நெருக்கடி இல்லை. சீல் கசிந்தால் மேல் பக்கத்து எண்ணெய் அடிப்பக்கம் நழுவும், மீதி இடம் வெற்றிடமாக இருந்துவிடும். அந்த வெற்றிடம் ராடைப் பிடித்திழுக்கும் பலம் நம் உதாரணத்தில் வெறும் 7 கிலோ. ஆகவே பக்கெட் மட்டும் தானாகக் கவிழ்ந்துகொண்டே போனால் சீலைச் சந்தேகிப்பது நியாயம். பார்ப்பதும் சுலபம். பக்கெட்டைத் தரையில் வைத்து, முழுதாக உள்ளே மடக்கி, எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை விட்ட பிறகு ஒரு சிலிண்டரின் அடிப்பக்க ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸ் வாயை உறுதியான உலோக மூடியால் அடைத்துவிடுங்கள். விலகி நின்று, எஞ்சினை மெதுவாக ஓட்டி, மடக்கும் பக்கம் மட்டும் லிவரைத் தள்ளச் சொல்லுங்கள். முதலில் உள்ளே இருந்த மிச்சம் கொஞ்சம் வடியும். அதற்குப் பிறகும் திறந்த வாயிலிருந்து எண்ணெய் தொடர்ந்து வந்தால் அது பிஸ்டனைத் தாண்டித்தான் வருகிறது. தவறிக்கூட மறுபக்கம் தள்ளிவிடக் கூடாது. இதில் தயக்கம் இருந்தால் பட்டறைக்கு விடுங்கள்.

ஆக, லோடர் கை இறங்கினால் வால்வு முன்னால், சீல் பின்னால். பக்கெட் கவிழ்ந்தால் சீல் முன்னால், வால்வு பின்னால்.

பிரஷர் ஏற்றும் முன் ஒரு கேஜ்

ரிலீஃப் வால்வின் திருகை முறுக்குவதுதான் பலருக்கும் முதல் வைத்தியம். எனக்கு இதில் கடுமையான மாற்றுக் கருத்து உண்டு. அழுத்தத்தை அளந்து காட்டும் கேஜ் இல்லாமல் அந்தத் திருகைத் தொடவே கூடாது. உச்சவரம்பை ஏற்றினால் ஹோஸ் வெடிக்கலாம், லோடர் கையின் வெல்டிங் பிளக்கலாம், பின்னால் எடை இல்லாத டிராக்டர் முன்பக்கமாகக் குப்புறச் சாயலாம்.

250 பார் வரை காட்டும் ஒரு கேஜையும் அதற்கேற்ற கப்ளர் முனையையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தை விட்டுவிட்டு, பக்கெட் ஹோஸ் ஒன்றைக் கழற்றி, டிராக்டர் பக்கத்துக் கப்ளரில் கேஜை மாட்டுங்கள். எண்ணெய் சூடாகட்டும். கையேடு சொல்லும் எஞ்சின் வேகத்தில் அந்தப் பக்கத்து லிவரை இரண்டு மூன்று விநாடி மட்டும் தள்ளிப் படியுங்கள். எண் கையேட்டோடு ஒத்துப்போனால் பம்பும் ரிலீஃப் வால்வும் நன்றாக இருக்கின்றன. எண் குறைவாக இருந்தால் எஞ்சின் வேகத்தை மாற்றி மறுபடி பாருங்கள். ஐட்லிங்கிலும் வேகத்திலும் ஒரே மாதிரி குறைவு என்றால் ரிலீஃப் வால்வின் திருகு தளர்ந்திருக்கும், அல்லது தூசி சிக்கி அது முழுதாக மூடாமல் இருக்கும். ஐட்லிங்கில் மிகக் குறைவு, வேகம் ஏற்றினால் எண்ணும் ஏறுகிறது என்றால் உள்ளே எங்கோ பெரிய கசிவு. வேகத்தில் பம்ப் தள்ளும் கூடுதல் எண்ணெய் அந்தக் கசிவை ஈடுகட்டுகிறது. பம்ப் தேய்மானத்தைப் பற்றி இங்கே வந்த பிறகு பேசினால் அர்த்தம் உண்டு.

பழுது போலத் தோன்றும், ஆனால் பழுதல்ல

பக்கெட்டைக் கவிழ்த்ததும் பாரத்தின் எடையிலேயே அது சட்டென விழுந்துவிட்டு, மேற்கொண்டு அழுத்த ஒரு கணம் தாமதிக்கும். பம்ப் நிரப்புவதைவிட வேகமாக எடை அதை இழுத்துவிட்டது, காலியான இடம் நிரம்ப நேரம் எடுக்கிறது. எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் தாமதம் குறையும். லோடர் ஏறுவதைவிட இறங்குவது வேகமாக இருப்பதும் சரிதான், ராடு இருக்கும் பக்கம் நிரம்பக் குறைந்த எண்ணெய் போதும். லிவரைக் கடைசிவரை முன்னால் தள்ளினால் அங்கேயே மாட்டிக்கொண்டு, லோடர் தரையை அழுத்தாமல் மேடுபள்ளத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் அது ஃப்ளோட் என்ற நிலை. சிலிண்டரின் இரண்டு பக்கமும் தொட்டிக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது, தரையை நிரவுவதற்காக வேண்டுமென்றே வைத்தது.

தூக்க லிவரைத் தொட்டதும் பாரம் ஒரு கணம் கீழே தொங்கிவிட்டுப் பிறகு ஏறுகிறது என்றால் அதை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பம்பின் அழுத்தம் பாரத்தை எட்டும் வரை எண்ணெய் பின்னால் ஓடாமல் தடுக்க வால்வுக்குள் ஒரு தடுப்பு உண்டு, லோட் செக். அதில் தூசி சிக்கியிருக்கலாம்.

லோடர் நன்றாக இருக்கும் ஒரு நாளில், எண்ணெய் சூடான பிறகு, காலிப் பக்கெட்டைத் தரையிலிருந்து உச்சிவரை தூக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். எஞ்சின் சுற்று எவ்வளவு என்பதையும் சேர்த்து பானட்டின் உள்பக்கம் அழியாத மையில் எழுதி வையுங்கள். தூக்கி நிறுத்திய பிறகு ஐந்து நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதையும், ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு முறை அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்த முறை யாராவது "பம்ப் போயிருச்சு" என்று சொன்னால், முதலில் பானட்டைத் திறந்து அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.